யாரும் கேட்காத பனங்கிழங்கு

திருமேனி முப்பது வருடம் அரண்மனையில் ஆணை எழுதியவர். ராஜா வாயால் சொல்வதை ஓலையில் எழுதி ஊர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. எந்த ஆற்றில் யார் வலை வீசலாம், எந்தத் தறியில் எத்தனை முழம் நெய்யலாம், எந்தச் சந்தைக்கு எந்த ஊர் உப்பு போகலாம், எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போயிற்று.

மனைவி இறந்த பிறகு அந்த வேலை அவருக்குக் கசந்துவிட்டது. பிள்ளைகளும் இல்லை. எழுத்தாணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுபத்தோராவது வயதில், மலையடிவாரத்துப் புளியந்தோப்பில் பள்ளி நடத்திய உலகம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார்.

உலகம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"என்ன கற்றுக்கொள்ள வந்தீர்கள், ஐயா?"

"பிள்ளைகளுக்குச் சுதந்திரம் என்றால் என்ன என்று சொல்லித்தர ஆசை, அம்மா. என் எழுத்தால் எத்தனை பேர் கையைக் கட்டினேன் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்காவது அது புரியவேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை."

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார் உலகம்மை.

"பாடம்?"

"முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

மத்தியானம் வந்தால் தோப்பில் ஒரே இரைச்சல். மலைக்குடியிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் தேனும் தினைமாவும் இருக்கும். வயல்பக்கத்துப் பிள்ளைகளிடம் அவலும் வெல்லமும். கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் கருவாடு கொண்டுவருவார்கள். யாரும் கொண்டுவந்ததை அப்படியே சாப்பிடுவதில்லை. "உன் வெல்லம் தா, கருவாடு தரேன்." "ஒண்ணு போதாது, ரெண்டு தா." "போடா, நான் அவன்கிட்ட கேட்டுக்கிறேன்." பாதி நேரம் பேரத்திலேயே போய்விடும்.

திருமேனி வந்த முதல் வாரத்திலேயே ஒரு சண்டை நடந்தது. வயல்பக்கத்து இசக்கி, சிக்கு வாடை அடித்த பழைய அவலை அடியில் போட்டு, மேலே நல்ல அவலைத் தூவி, மலைக்குடிக் காளனிடம் கொடுத்துத் தேனடை வாங்கிவிட்டான். உலகம்மை வந்தார். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். தேனடையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தான். அவர் திரும்பிப் போய்விட்டார்.

திருமேனி பின்னாலேயே போனார். "இங்கே என்னென்ன விதிகள், அம்மா? தெரிந்தால் நானே பார்த்துக்கொள்வேன்."

"இரண்டுதான். பறிக்கக் கூடாது. ஏமாற்றக் கூடாது."

"மற்றதெல்லாம்?"

"அது அவர்கள் பாடு."

தை மாதம் பிறந்ததும் பேச்சி என்ற சிறுமி பள்ளியில் சேர்ந்தாள். ஒன்பது வயது. பனையேறிகளின் குடியிருப்பிலிருந்து தனியாக நடந்து வருவாள். அவள் மடியில் வேகவைத்த பனங்கிழங்கு நாலைந்து இருக்கும். அதை உரிக்கவேண்டும், நார் எடுக்கவேண்டும், மென்றுகொண்டே இருக்கவேண்டும். தேனும் வெல்லமும் இருக்கிற இடத்தில் யாருக்கு அந்தப் பொறுமை?

முதல் நாள் யாரும் அவளிடம் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். சத்தமே இல்லை. கண்ணீர் மட்டும் முகவாய்வரை வந்து சொட்டியது.

திருமேனிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு ஓலையை நறுக்கி எழுதிப் புளியமரத்தில் தொங்கவிட்டார்: 'பேச்சி கொண்டுவருவதை எல்லோரும் முறை வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு கிழங்குக்கு ஒரு பிடி அவல். எப்படிச் செய்து கொண்டுவந்தாலும் அதே அளவு.'

உலகம்மை அந்த வழியாக வந்தவர், நின்று படித்தார்.

"தப்பா, அம்மா?"

"நீங்கள்தானே பார்த்துக்கொள்கிறீர்கள்."

அன்று பேச்சியின் மடியில் அவல் சேர்ந்தது. திருமேனி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

நான்கு நாள் கழித்து, பேச்சிக்குக் கொடுக்கிற அவல் மட்டும் பழைய அவலாக இருப்பதைக் கண்டார். ஏமாற்றவில்லை, கண்ணுக்கு முன்னால்தான் கொடுத்தார்கள். ஓலையில் அவல் என்றுதானே இருந்தது. அதனால் 'நல்ல அவல்' என்று இன்னொரு ஓலை எழுதினார். எது நல்லது என்று தகராறு வந்தது. பார்த்துச் சொல்ல இரண்டு பெரிய பிள்ளைகளை வைத்தார். அவர்கள் ருசி பார்த்தே வயிற்றை நிரப்பிக்கொண்டார்கள். சிலர் பாறைக்குப் பின்னால் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்கள். பாறைக்குப் பின்னால் சாப்பிடக் கூடாது என்று எழுதினார். பேச்சிக்கு மட்டும் ஏன் என்று கடற்கரைப் பிள்ளைகள் கேட்டார்கள். நியாயம்தானே என்று கருவாட்டுக்கும் ஒரு அளவு எழுதினார், பிறகு தேனுக்கும்.

மாசி பிறந்தபோது மரத்தில் பதினேழு ஓலைகள் காற்றில் ஆடின. மத்தியானம் தோப்பு அமைதியாக இருந்தது. காளன் தேன் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். எல்லோரும் வீட்டில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குனிந்தபடி தின்றுவிட்டு எழுந்தார்கள்.

ஒருநாள் பேச்சி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எட்டு நாள் ஆயிற்று.

திருமேனி உலகம்மை முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம் கிடைத்தது, அம்மா. அவளுக்காகத்தான் இத்தனையும் செய்தேன். அவளே வரவில்லை."

"ஏன் என்று கேட்டீர்களா?"

"ஆள் அனுப்பிக் கேட்கட்டுமா?"

"நீங்களே போங்கள். நடந்து போங்கள்."

பனைக்காடு இரண்டு நாழிகை நடை. மணலில் கால் புதைந்தது. திருமேனியைக் கண்டதும் பேச்சியின் தாய் உலக்கையைப் போட்டுவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் முன்பு யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் கைகளைத்தான் பார்த்தாள்.

"ஓலை ஒன்றும் கொண்டுவரவில்லை, தாயி," என்றார் திருமேனி. "பிள்ளையைப் பார்க்க வந்தேன்."

பேச்சி குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் மணலில் உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து அவளும் உட்கார்ந்தாள்.

"ஏன் வரவில்லை, பேச்சி? யாராவது அடித்தார்களா?"

"இல்ல, ஐயா."

"அவல் குறைத்துக் கொடுத்தார்களா?"

"இல்ல. நிறையத்தான் குடுத்தாங்க."

"பிறகென்ன?"

அவள் கையிலிருந்த கிழங்கின் நாரை உரித்து முடித்தாள்.

"அன்னிக்கு அழுதேன்ல, அன்னிக்குச் சாயங்காலமே அம்மாகிட்ட கேட்டேன், என்ன செஞ்சா எல்லாருக்கும் பிடிக்கும்னு. காளனுக்குக் காரம்னா உசிரு. நார் எல்லாம் எடுத்துட்டு, மிளகும் உப்பும் போட்டு இடிச்சு, உருண்டை பிடிச்சோம். நானும்தான் இடிச்சேன். கை பூரா எரிச்சல். மறுநாள் எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன்."

"மறுநாளா?"

"ஆமா. வந்து பார்த்தா மரத்துல ஓலை தொங்குது."

பேச்சி அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"அன்னிக்கு இசக்கி முறை. வாங்கினான். என்னன்னுகூடப் பார்க்கல. கொண்டுபோய் ஓடையில போட்டுட்டான். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்." கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னீங்கன்னு வாங்குறாங்க, ஐயா. யாரும் கேட்கலையே."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணிலிருந்து நீர் மணலில் விழுந்ததைப் பார்த்துப் பேச்சி பயந்துபோனாள். "ஐயா, ஐயா," என்று அவர் முழங்கையைத் தொட்டாள்.

"ஒன்றுமில்லை, கண்ணு. அந்த உருண்டை ஒன்று கூடவா இல்லை இப்போது?"

"இல்ல, ஐயா. அதுக்கப்புறம் நாங்க செய்யவே இல்ல."

மறுநாள் காலையில் பிள்ளைகள் வருவதற்குமுன் திருமேனி மரத்திலிருந்த ஓலைகளை அவிழ்த்தார். மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டார். "பேச்சி வராமல் போனது என்னால்தான். இனிமேல் பறிக்கக் கூடாது, ஏமாற்றக் கூடாது. அவ்வளவுதான்," என்றார்.

பிள்ளைகள் அசையவில்லை. கடைசியில் கடற்கரைச் சிறுவன் ஒருவன் எழுந்து வந்தான். கையில் ஒரு துண்டு கருவாடு.

"இதைக் குடுத்து வெல்லம் வாங்கிக்கலாமா, ஐயா?"

ஒரு மாதத்துக்குமுன் இதே பையன், கேட்ட வெல்லம் கிடைக்கும்வரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவன். திருமேனி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து ஓடைப்பக்கம் போய்விட்டார். மூன்று நாள் மத்தியானமும் அப்படியே போனார். நாலாம் நாள் ஓடையில் இருந்தபோது, தோப்பில் யாரோ "ஒண்ணு போதாது, ரெண்டு தா!" என்று கத்துவது கேட்டது.

அன்று மாலை உலகம்மையிடம் வந்தார்.

"பேச்சி திரும்பி வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், அம்மா. அவளிடம் மறுபடியும் யாருமே வாங்காவிட்டால்?"

"வாங்காமல் இருக்கலாம்."

"அழுதால்?"

"பக்கத்தில் போய் உட்காருங்கள்."

"சும்மாவா?"

"உங்களுக்குப் பசித்தால் அவளிடம் கேளுங்கள். பசிக்காவிட்டால் கேட்காதீர்கள்."

பேச்சி வந்தாள். உருண்டைகளைப் பனையோலைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தாள். முதல் நாள் யாரும் வரவில்லை. திருமேனி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்கு அன்று பசியில்லை. அதனால் கேட்கவில்லை. அவள் கண் கலங்கியது. அவர் முன்பு ஓலை கட்டிய மரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காளன் மிளகு வாசனை பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டான். மூக்கில் நீர் வந்தது.

"இது என்னது? நீயா செஞ்சே?"

"நானும் அம்மாவும்."

"ரெண்டு குடு. தேன் தரேன்."

பேச்சி உடனே கொடுக்கவில்லை. தேனடையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் தா," என்றாள்.

அதன்பின் சில நாள் அவள் பெட்டி சீக்கிரம் காலியாகும், சில நாள் அப்படியே திரும்பும். திரும்பிய நாட்களில் அவள் முகம் வாடும், ஆனால் மறுநாள் உருண்டையில் ஏதாவது மாறியிருக்கும். ஒருநாள் பூண்டு சேர்த்திருந்தாள். ஒருநாள் தேங்காய்.

பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம் திருமேனிக்கு நல்ல பசி. மிளகு வாசனை ஓடைவரை வந்தது. காலையில் தானே பறித்து வைத்திருந்த நெல்லிக்காய்களைத் துண்டில் முடிந்துகொண்டு பேச்சியிடம் போனார்.

கொஞ்ச நேரத்தில் உலகம்மையிடம் வந்து நின்றார். நெல்லிக்காய் முடிச்சு அப்படியே கையில் இருந்தது.

"என்ன, ஐயா?"

"பேச்சியிடம் ஒரு உருண்டை கேட்டேன், அம்மா. மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்."

"ஏனாம்?"

"மூன்றுதான் மிச்சமாம். என் நெல்லிக்காய் ரொம்பப் புளிப்பாம்."

"பயந்துகொண்டு சொன்னாளா?"

"இல்லை, அம்மா. என் முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்." முடிச்சைக் கையில் உருட்டினார். "முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை."

உலகம்மை அவர் கையிலிருந்து முடிச்சை வாங்கி அவிழ்த்தார். ஒரு காயை எடுத்துக் கடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"தேனில் ஊறவைத்துப் பாருங்கள், ஐயா. தேன் காளனிடம் இருக்கும். தருவானா என்று கேளுங்கள்."