நத்தை ஊட்டிய அம்மாவும் வடக்கே போன குவளையும்

கருவேலங்காட்டுக் குளத்தில் ஆம்பல் என்றொரு வாத்து இருந்தது. மழைக்காலத்தில் அந்தக் குளம் ததும்பும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போது பறவைகளெல்லாம் மலைக்கு அந்தப்புறம் உள்ள ஏரிக்குப் பறக்கும். குஞ்சுகள்தான் பாவம், பாதி வழியில் இறக்கை ஓய்ந்து விழுந்துவிடும். ஒரு கோடையில் ஆம்பலின் குஞ்சுகளும் அப்படி விழுந்தன. மிஞ்சியது குவளை என்ற ஒரே மகள்.

பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரித்தலை வாத்துகள் அங்கே விருந்துக்கு வரும். குஞ்சு குளுவானோடு பனிமலையையே தாண்டி வருகிற கூட்டம் அது.

"இவங்களுக்கு மட்டும் எப்படிக் களைக்கலை? நீ கூடப் போய்க் கத்துக்கிட்டு வா" என்று குளமே கூடிக் குவளையை அனுப்பியது. ஆம்பல் சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிட்டு, நாணலுக்குள் போய் அழுதது.

அடுத்த பனிக்காலத்தில் குவளை வரவில்லை. சேதிதான் வந்தது.

"எங்க முட்டையெல்லாம் நரிக்குத்தான் போய்க்கிட்டிருந்தது. கூட்டை நாணலுக்குள்ள ஒளிச்சு வைக்க உங்க பொண்ணுதான் சொல்லித் தந்தா. எங்க ஊரே அவளைத் தலைமேல வச்சுத் தாங்குது" என்றது வரித்தலை வாத்து. ஆம்பலுக்குப் பெருமை பாதி, ஏக்கம் பாதி.

அதற்கடுத்த பனிக்காலத்தில் குவளை வந்து இறங்கியது. குளம் அமர்க்களப்பட்டது! ஆம்பல் பாசியும் நத்தையுமாக ஊட்டித் தள்ளியது. அதே குளத்தில் குடியிருந்த, நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட நாமக்கோழிக்குக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை.

"அங்கே குளிர் எப்படி? ஏன் இப்படி இளைச்சுட்ட? கல்யாணம் எப்போ? எனக்கு என்ன கொண்டுவந்த?"

குவளை ஏதோ சொல்ல வாயைத் திறக்கும். அதற்குள் அம்மா வாயில் இன்னொரு நத்தையைப் போட்டுவிடும்.

பனி விலகியது. வரித்தலை வாத்துகள் கிளம்ப ஆயத்தமாயின. குவளையும் இறகைக் கோதத் தொடங்கியது. நாமக்கோழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நம்ம குளத்துப் பாசியைத் தின்னு வளர்ந்துட்டு, ஊரான் வீட்டுக்கு உழைக்கப் போறாளா? ஆம்பல், அவ தூங்கும்போது இறக்கையில நாலு இறகைப் பிடுங்கிடு. எப்படிப் பறக்கறான்னு பாத்துடலாம்!"

ஆம்பலுக்கு அது தப்பென்று தெரியும். ஆனாலும் பெற்ற மனம் சபலப்பட்டது. மத்தியானம் கரையில் குவளை கண்ணயர்ந்திருந்தது. ஆம்பல் மெல்ல நெருங்கி ஓர் இறகை அலகில் கவ்வியது. இந்த இறகு முளைத்த நாளில் குளம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தது ஞாபகம் வந்தது. இழுக்க மனம் வரவில்லை.

குவளை விழித்துக்கொண்டது. "என்னம்மா பண்றே?"

ஆம்பலுக்குப் பொய் சொல்ல வராது. "உன் இறகைப் பிடுங்க வந்தேன் தாயி. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? கோடை வந்தா இந்தக் குஞ்சுங்களுக்கு யாரு இருக்கா?"

குவளையின் கண் கலங்கியது. "சாப்பிட்டியான்னு கேட்டே, தூங்கினியான்னு கேட்டே. என்ன கத்துக்கிட்டேன்னு நீகூடக் கேக்கலையேம்மா. இங்க யாருக்கும் அது வேண்டாம்போலன்னுதான் கிளம்பறேன்."

ஆம்பலுக்குச் சுருக்கென்று தைத்தது. அனுப்பியதே அதற்காகத்தானே!

"என் புத்தி எங்கே போச்சோ. இப்போ கேக்கறேன், சொல்லு."

"கவட்டைக் கிளை மாதிரி ரெண்டு வரிசையாப் பறக்கணும்மா. முன்னால போறவங்க காத்தைக் கிழிச்சா, பின்னால வர்ற குஞ்சுக்குப் பாரம் குறையும். முன்னால இருக்கறவங்க களைச்சா பின்னால வந்துடணும். அடுத்தவங்க முன்னால போகணும். அவ்வளவுதான்."

சொல்வதற்குத்தான் அவ்வளவு. கருவேலங்காட்டுக் குளத்தில் யார் வரிசையில் நின்றார்கள்? சாயங்காலமானால் பயிற்சி, பயிற்சி என்றால் சண்டை. முன்னால் போன நாமக்கோழி, மூச்சு வாங்கியும் இடத்தை விடமாட்டேன் என்று மல்லுக்கட்டியது. குவளைக்காக வரித்தலை வாத்துகள் பயணத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தன. ஒருவழியாக வரிசை படிந்தது.

"அங்கே பொரியப்போற குஞ்சுங்களுக்கும் நான் வேணும்மா. பனிக்கு வந்துடறேன்" என்றது குவளை.

"போயிட்டு வா கண்ணு" என்றது ஆம்பல். இந்த முறை நாணலுக்குள் போகவில்லை. எல்லார் முன்னாலும் அழுதது.

கோடை வந்தது, குளம் வற்றியது. ஆம்பல் முன்னால் பறக்க, மற்றவை வரிசையாகத் தொடர்ந்தன. மலை உச்சியில் ஆம்பலுக்கு இறக்கை எரிந்தது. கூப்பிடாமலே நாமக்கோழி முன்னால் வந்தது. "நீ பின்னால போ, நான் பாத்துக்கறேன்."

ஏரியில் இறங்கியதும் ஆம்பல் திரும்பிப் பார்த்தது. ஒரு குஞ்சுகூட விழவில்லை. போன குஞ்சுகளை நினைத்துக்கொண்டே, வந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக அலகால் தடவிக்கொடுத்தது.

மறு பனிக்காலத்தில் குவளை வந்து இறங்கியதும் முதல் ஆளாக நாமக்கோழி ஓடியது. "இந்தத் தடவை என்ன கத்துக்கிட்டு வந்தே?"

பக்கத்தில் ஆம்பல், அலகில் நத்தையை வைத்துக்கொண்டு, மகள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தது.

வெளியூர் போய்க் கற்றவரைக் கட்டிப்போட நினைக்காமல், கற்றதைக் கேட்டு வாங்கிக்கொண்டால், அனுப்பிய ஊரும் வாழும், போன ஊரும் வாழும்.