சடையன் பிடுங்கிய கீழாநெல்லி

ஒரு காட்டில் ஓடைக்கரை ஈரம் முழுக்கக் கீழாநெல்லி முளைத்துக் கிடந்தது. விதைத்தவர் யாரும் இல்லை, மதித்தவரும் இல்லை. யானை அதை மிதித்துப் போனது, பன்றி அதில் புரண்டது. சடையன் என்ற குரங்கு அதன்மேல் உட்கார்ந்து பழம் தின்னும்.

மழை தொடங்கியதும் காட்டில் மஞ்சள் காமாலை பரவியது. ஒரு புள்ளிமானின் குட்டிக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தாய்மான் காலைதோறும் கீழாநெல்லிக் கொழுந்தை மென்று குட்டிக்கு ஊட்டியது. சில நாளில் குட்டி எழுந்து துள்ளியதைச் சடையன் மரத்தின் மேலிருந்து பார்த்தது.

உடனே இறங்கி வந்து, கரையில் ஒரு செடி விடாமல் வேரோடு பிடுங்கித் தன் மரப்பொந்தில் அடைத்தது.

"சடையா, கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொள்," என்றது மான். "இலைக்கு அடியில்தான் அதன் விதை இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் மறுபடி எப்படி முளைக்கும்?"

"உன் குட்டிதான் பிழைத்துவிட்டதே. உனக்கென்ன கவலை?" என்றது சடையன்.

அதன்பின் மருந்து வேண்டியவர்கள் எல்லாம் சடையனின் மரத்தடிக்கு வந்தார்கள். கரடி தேனடை கொண்டுவந்தது. பன்றி கிழங்கு கொண்டுவந்தது. ஒரு முயல் மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றது.

"என் பிள்ளை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஐயா. ஒரு கொத்துக் கொடுங்கள். பிறகு ஏதாவது தேடிக் கொண்டுவருகிறேன்."

"கொண்டுவந்துவிட்டு வாங்கிப் போ."

முயல் மறுபடி வரவில்லை. அதன் குட்டி இறந்துபோனதைக் காக்கை வந்து சொன்னபோது, சடையன் தேனடையை நக்கிக்கொண்டிருந்தது.

மழை விடாமல் பெய்தது. ஒருநாள் சடையனின் குட்டியும் தாய் மடியில் சுருண்டு படுத்தது. அதன் கண்கள் மஞ்சளாக இருந்தன. சடையன் பொந்துக்குள் கைவிட்டது. உள்ளே தண்ணீர் இறங்கி, செடிகள் எல்லாம் அழுகிக் கருஞ்சேறாகிக் கிடந்தன. ஓடைக்கரைக்கு ஓடியது. அங்கே வெறும் மண்தான் இருந்தது.

கடைசியில் மானிடம் போய் நின்றது. வாய் திறக்கவே அதற்குக் கூசியது.

"என் குட்டிக்கும் வந்துவிட்டது," என்று மட்டும் சொன்னது.

மான் பழையதைப் பேசவில்லை. "மலைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்த ஞாபகம். வா," என்று முன்னால் நடந்தது.

வழி நெடுகச் சறுக்கல். செடியைத் தேடிப் பிடித்து, கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொண்டு சடையன் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது.

மனைவி சில்லிட்டுப்போன குட்டியை இன்னும் மடியில்தான் வைத்திருந்தது. சடையன் நீட்டிய கொழுந்தை அது வாங்கவில்லை.

"இது யாருக்கு?" என்று கேட்டது.

நீதி: எல்லோருக்கும் முளைத்த மருந்தைத் தனக்கென்று வேரோடு பிடுங்குபவனுக்கு, வேண்டிய வேளையில் அது கிடைக்காது.