ஆறு மணிக் கதவு

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தபடி மூன்று மாடி விடுதி ஒன்று. அங்கே அறை வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் வேலை சொல்லிக்கொடுப்பது லீலாபாய்தான். அதனால் எல்லோரும் அவளைக் குரு என்றே கூப்பிடுவார்கள். குருவுக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டில் இடுப்பை விட்டு இறங்காத கைப்பிள்ளை. சீடர் சுயம்புவுக்கு நாற்பத்தொன்பது.

விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. விடியுமுன் ஆறு மணிக்கு ஒவ்வொரு கதவாகத் தட்டி, சூரியன் வரப்போகுது என்று சொல்ல வேண்டும். போன் அடித்தால் விருந்தாளிகள் எடுத்து வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். பதினொரு வருஷமாகத் தட்டி வந்தவர் சுயம்பு.

கொரோனாவில் விடுதி எட்டு மாசம் பூட்டிக் கிடந்தது. திறந்த மூன்றாம் நாள் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மறுநாள் ஆறு மணிக்கு சுயம்பு அவர்கள் கதவு முன்னால் போய் நின்றார். உள்ளே யாரோ இருமினார்கள். அவருக்குக் கை எழும்பவில்லை. ஈரோட்டுக்காரர்கள் உதயம் பார்க்காமலே ஊர் திரும்பினார்கள்.

அன்று சாயங்காலம் சுயம்பு தன் சாவிக்கொத்தைக் குருவின் முன்னால் வைத்தார். லீலாபாய் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் வேலையை விட்டு நின்னுக்கிடுதேன்."

"நின்னு எங்க போகப் போறீங்க?"

"விளையாடாதீங்க குருவே. வீட்டில பொஞ்சாதிக்கு மூச்சு இழுப்பு. நான் நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்னா? கையைக் கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சு போச்சு. தூக்கமும் இல்ல."

லீலாபாய் அவர் கையைப் பார்த்தாள். பையிலிருந்து தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்து நகர்த்தி வைத்தாள்.

"பிள்ளைக்கு வாங்கினது. தேயுங்க."

அவர் தேய்த்தார். "இந்தப் பயம் எப்பப் போகும்?"

அவள் கொத்திலிருந்து ஒரு சாவியை உருவி நீட்டினாள். "முந்நூற்று ஆறு. கடல் பாத்த ரூம். சும்மாதானே கெடக்கு. இன்னிக்கு நீங்க விருந்தாளி."

"மேனேஜர்?"

"அவர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"வீட்டில கேட்டா?"

"குரு உத்தரவுன்னு சொல்லுங்க. அக்காவும் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கட்டும்."

அறையில் சுயம்புவுக்குக் கட்டில் ஒத்துவரவில்லை. தானே சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய விரிப்பைக் கலைக்க மனசு வரவில்லை. தரையில் துண்டை விரித்துப் படுத்தார். கை எரியவில்லை. எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது.

கதவில் மூன்று தட்டு. "சார், சூரியன் வரப்போகுது."

சுயம்பு திடுக்கிட்டு எழுந்து, பழக்க தோஷத்தில் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "ஹவுஸ்கீப்பிங்."

வெளியே சிரிப்புச் சத்தம். "அதை நான்லா சொல்லணும்."

கதவைத் திறந்தார். வாசலில் யாருமில்லை. இரண்டு கட்டில் தூரம் தள்ளி, முகக்கவசத்தோடு லீலாபாய் நின்றாள். கையில் ஒட்டடைக் கம்பு. நுனியில் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

"பால்கனிக்குப் போங்க அண்ணாச்சி. நேரமாச்சு."

"நான் எதுக்கு?"

"பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் எழுப்பிக் காட்டுனீங்களே. நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர் எப்போதும் கதவுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய் நின்றார். கடலுக்கு மேலே பாதி மேகம். மேகம் வந்த நாளிலெல்லாம் விருந்தாளிகள் அவரைத்தான் கடிந்துகொள்வார்கள், சூரியனை அவரே எங்கோ ஒளித்துவைத்த மாதிரி. இன்று மேகத்துக்குக் கீழே சிவப்பாய் ஒரு கீற்று வந்தது. பிறகு கால் வட்டம். பிறகு அரை. முழு வட்டமும் மேலே வரும்வரை சுயம்பு கைப்பிடிக் கம்பியை விடவில்லை.

திரும்பி வந்தபோது அவள் அதே தூரத்தில் நின்றாள்.

"உங்களுக்குப் பயம் விட்டுப் போச்சா குருவே? வீட்டில பால்குடிப் பிள்ளை இருக்கே."

"இல்ல அண்ணாச்சி. இன்னிக்கு மதுரைக்காரங்க வேற வாராங்க."

"பெறகு எப்படித் தட்டுனீங்க?"

லீலாபாய் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் எடுத்துக்கொள்ளத் தோதாக இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"என் பயம் இவ்வளவு நீளம். உங்களுக்கு வேணும்னா இன்னொரு முழம் சேத்துக் கட்டித் தாரேன்."