ராஜா கும்பிட்ட வியாபாரிகள்

மழைகூட அரண்மனையில் உத்தரவு வாங்கிப் பெய்த காலத்திலே, வெண்பாறை நாடு என்று ஒரு நாடு. அதை உத்தண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஒரே ஒரு வியாதி, கட்டடம் கட்டுவது. சனங்களுக்கு வீடு கட்டினானோ என்று நினைத்துவிடாதீர்கள். சனங்கள் ஓலைக்கூரைக்குக் கீழே சட்டி வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டு சுகமாகத்தான் இருந்தார்கள். ராஜா கட்டியதெல்லாம் அங்காடி மண்டபம், பண்டகசாலை, வணிகர் மாளிகை.

இந்த யோசனையைக் கொடுத்தவர் கட்டட அதிகாரி சிங்காரமூர்த்தி. "மன்னா, வீடு கட்டினால் உள்ளே ஆள் வந்துவிடுகிறான். வந்தவன் ஒழுகுது, விரிசல் விடுது என்கிறான். வணிகர் மாளிகையில் அந்தத் தொல்லையே இல்லை" என்றார். வாஸ்தவம்தானே? ஆளே இல்லாத இடத்தில் குறை சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் சபையில் ராஜா கேட்டான். "நம் கட்டடத் தொழில் எப்படி இருக்கிறது?"

"அமோகம், மன்னா. போன வருஷத்தைவிடத் தூண்கள் அதிகம்" என்றார் சிங்காரமூர்த்தி.

"வியாபாரிகள்?"

"வந்துகொண்டே இருக்கிறார்கள்."

"எதுவரைக்கும் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார் மந்திரி ஆவுடையநாதர்.

"வழியில் இருக்கிறார்கள்."

"போன வருஷமும் வழியில்தான் இருந்தார்கள். நம் சாலை அவ்வளவு நீளமா?"

சிங்காரமூர்த்திக்கு மந்திரியைக் கண்டாலே வேப்பங்காய். பேச்சை மாற்றினார். "மன்னா, அடுத்த மாளிகைக்கு ஊர்ச்சந்தை கூடும் புளியந்தோப்புதான் தோதான இடம். மரத்தையெல்லாம் வெட்டிவிடலாம். நிழல் சும்மா கிடைப்பதால்தான் ஒருத்தனும் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்கிறான்."

ராஜா தலையாட்டிவிட்டான். சேதி தெரிந்ததும் வெங்காயக்காரி சுடலி மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, தோப்பு போச்சுன்னா எங்க பொழப்பும் போச்சு."

"புது மண்டபத்துக்குப் போகலாமே, தாயி?"

"வாசல்ல ஆளுயரத்துக்குப் படி கட்டி வச்சிருக்காங்க. மூட்டையோட மாட்டுவண்டி ஏறுமா? மாட்டுக்கு அவங்க படியேறச் சொல்லிக் குடுத்தா, நாங்க நாளைக்கே வர்றோம்."

மறுநாள் மந்திரி அதைச் சபையில் சொன்னார். "மன்னா, கட்டியதெல்லாம் காலியாகக் கிடக்கிறது. கட்டியவர்கள் மாட்டுவண்டியை நினைக்கவில்லை. தோப்பை விட்டுவிடுங்கள்."

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்கு நகர்வலம் போகிறேன். மாளிகைகள் காலியாக இருந்தால் தோப்பு தப்பியது. ஆள் இருந்தால் தோப்பை வெட்டுவோம், புது மாளிகைக்கு நீர் சாந்துச்சட்டி சுமக்கிறீர்."

ஒரே நாளில் வியாபாரிகளுக்கு எங்கே போவது? சிங்காரமூர்த்தி சளைத்தவரா என்ன? கட்டுகிற கட்டடத்தில் கண்ணேறு கழிய வைக்கோல் பொம்மை தொங்கவிடுவார்கள் அல்லவா, அதில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. ஊரிலுள்ள வைக்கோலையெல்லாம் வாரி, தலைப்பாகை கட்டி, மீசை எழுதி, தோளில் சரிகைத் துண்டு போட்டு, ஒரு சன்னல் விடாமல் உட்கார வைத்துவிட்டார். தொப்பைகூட வைத்தார். பெரிய வியாபாரி என்று நம்ப வேண்டாமா?

ராஜா யானைமேல் வந்தான். தாரை தப்பட்டையில் காது கிழிந்தது. சன்னலுக்குச் சன்னல் மீசைகள். ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இரண்டு பக்கமும் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டே போனான்.

"உள்ளே போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாமா?"

"வேண்டாம் மன்னா, கணக்குப் பார்க்கிற நேரம். பாவம், கலைந்துவிடுவார்கள்" என்றார் சிங்காரமூர்த்தி. அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். காற்று வேறு பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

சபை கூடியதும் ராஜா, "மந்திரியாரே, சட்டி தயாராக இருக்கிறது" என்றான்.

"தலையும் தயாராக இருக்கிறது, மன்னா. ஒரு சந்தேகம் மட்டும். தாங்கள் யானைமேல் வந்தபோது யாராவது எழுந்தார்களா? தோளிலிருந்து துண்டை எடுத்தார்களா?"

ராஜா யோசித்தான். முகம் சிவந்தது. "ஒருத்தன்கூட அசையவில்லை. நான் கும்பிட்டேன், பதில் கும்பிடு இல்லை."

சிங்காரமூர்த்தி முந்தினார். "அயல்தேசத்தார், மன்னா. நம் வழக்கம் தெரியாது."

"அந்தத் தேசத்தில் ராஜாவே கிடையாதோ?" என்றார் மந்திரி.

"காது கொஞ்சம் மந்தம்."

"அத்தனை பேருக்குமா? பொறுக்கித்தான் கூட்டி வந்திருக்கிறீர்கள். மன்னா, விருந்தாளி மரியாதை தவறினால் அழைத்து வந்தவர் பொறுப்பு. இது தங்கள் பாட்டனார் போட்ட சட்டம்."

"ஆமாம்" என்றான் ராஜா. "சன்னலுக்கு ஒரு கசையடி. சிங்காரமூர்த்தியைத் தூணில் கட்டுங்கள்."

சிங்காரமூர்த்தி சன்னல்களை மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். முதல் மாளிகை முடிவதற்குள்ளேயே முதுகு எரிந்தது. தடாலென்று காலில் விழுந்தார். "மன்னா, அவர்கள் வைக்கோல்."

ராஜா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் வைக்கோலையா கும்பிட்டேன்?"

"அதனாலென்ன, மன்னா" என்றார் மந்திரி. "மாட்டைக் கும்பிடுகிற நாடு நமது. தாங்கள் அதன் சாப்பாட்டைக் கும்பிட்டீர்கள். பக்தி கொஞ்சம் முன்னாடியே போய்விட்டது, அவ்வளவுதான்."

ராஜாவுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சிரித்தான். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது. மந்திரிக்கு முத்துமாலை, சுடலிக்கும் சந்தைக்காரர்களுக்கும் தோப்பு. சிங்காரமூர்த்திக்குக் கசையடி இல்லை. அதைவிடப் பெரிய தண்டனை. அவர் கட்டிய மாளிகையிலேயே அவர் கடை போட வேண்டும், முதல் வாடிக்கையாளர் படியேறி வரும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது.

அந்த வருஷத்து அரசாங்க அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: 'நாட்டின் வணிகக் கட்டடத் துறையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஒருவர் குடியேறியுள்ளார்.'

பக்கத்து நாட்டு ராஜா அதை இரண்டு தடவை வாசித்தானாம். பிறகு தன் கட்டட அதிகாரியைக் கூப்பிட்டுப் பொறாமையோடு கேட்டானாம்: "அந்த ஒரு ஆளை அவர்கள் எங்கேயிருந்து பிடித்தார்கள்?"