டேப்லெட்டுக்குள் ஒரு டெஸ்க்டாப்

இந்தக் கதையில் சீடருக்குத்தான் தலை நரைத்திருக்கும். குருவுக்கு அவருடைய மகள் வயது. குரு என்றால் தாடி இருந்தே ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

குருவின் பெயர் ரேணுகாதேவி. கோவை காட்டூரில் செல்போனும் டேப்லெட்டும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சாயங்காலங்களில் அதே கடையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும். எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள்.

சீடர் நாச்சிமுத்து. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார்ந்தால் துருப்பிடித்துப் போவேன் என்று வகுப்பில் சேர்ந்தவர். டீச்சர் சொன்ன எதையும் அவர் மறந்ததில்லை. சொல்லாததையும் சேர்த்துச் செய்துகொண்டு வருவார்.

அன்று வகுப்பு இல்லாத காலை நேரத்தில் வந்து நின்றார். கூடவே அவர் மனைவி சுலோசனா. அந்த அம்மாவின் கழுத்தை மறைத்து ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணிக்குள் மூச்சுக் குழாய். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு கழுத்து வழியாக வந்துபோனது. பேச்சு போய்விட்டது.

நாச்சிமுத்துவின் கையில் ஒரு டேப்லெட் இருந்தது. கடைக்குள் காலை வைக்கும்போதே அதை விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"ஆமா" என்றது டேப்லெட். ஒரு பெண்ணின் குரல்.

"உக்காருங்க ஐயா. வாங்கம்மா" என்றார் ரேணுகாதேவி.

"நாளைக்கு மறுபடி ஆபரேசனுங்க டீச்சர்."

"சொன்னீங்க."

"முடிஞ்சதும் ஐ.சி.யூ.ல வெச்சிருவாங்க. என்னை உள்ள விடமாட்டாங்க. இவ மட்டுந்தான் இருக்கோணும்."

சொல்லிக்கொண்டே மறுபடி தட்டினார். "ஆமா" என்றது டேப்லெட்.

"போன தடவை இப்படித்தானுங்க. குழாய்ல சளி அடைச்சுக்கிச்சு. மணியடிச்சா. நர்ஸம்மா வந்துச்சு. இவ கையைக் கையைக் காட்டறா. குளிருதாக்கும்னு நெனச்சு அந்தப் பொண்ணு போர்வையை இழுத்துப் போத்திவிட்டுருச்சு. எழுதிக் காட்டலாம்னா கையில ஊசி. இன்னொரு நர்ஸ் வந்து பாக்கலீன்னா..."

நாச்சிமுத்து மீண்டும் தட்டினார். "ஆமா."

"அதை ஏனுங்க தட்டிக்கிட்டே இருக்கறீங்க?"

"அதுதானுங்க என் கேள்வியே" என்றார் நாச்சிமுத்து.

விஷயம் இதுதான். குரல்வளையை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் ஒரு மைக் வாங்கினார். வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் மனைவியை உட்காரவைத்துப் பேசச்சொன்னார். வலிக்குது, பசிக்குது, சளி அடைக்குது. குழம்புல உப்பு பத்தல. சீரியலை மாத்தாதீங்க. எத்தனை தடவ சொல்றது. எல்லாம் அவள் குரலிலேயே பதிவானது. பொத்தானைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசுகிற பழைய புரோகிராம் ஒன்றில் அதையெல்லாம் வரிசையாக ஏற்றிவைத்தார். அந்தப் புரோகிராம் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் மட்டுந்தான் ஓடும்.

டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஐ.சி.யூ.வுக்குள் போக முடியாது. டேப்லெட் என்றால் சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாச்சிமுத்து பார்த்தார். புரோகிராம் டேப்லெட்டுக்கு வராவிட்டால் போகிறது, கம்ப்யூட்டரையே டேப்லெட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தார். டேப்லெட்டின் சொந்த சிஸ்டத்துக்கு மேலே இன்னொரு முழு டெஸ்க்டாப் சிஸ்டத்தை ஏற்றினார். படாதபாடு பட்டார். கடைசியில் ஓடியது. வீட்டில் இருந்த அதே பச்சை வயல் படம், அதே ஐகான்கள், அதே கடிகாரம், வைரஸ் பிடிக்கிற அதே புரோகிராம். குப்பைத்தொட்டியைக்கூட விட்டுவிடாமல் கொண்டுவந்திருந்தார். அதற்குள் பழைய குப்பையும் இருந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார் டீச்சர். அது பொய்யில்லை. அவருடைய மாணவர்கள் வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

"ஆனா தூங்கிருதுங்க. கொஞ்ச நேரம் தொடாம விட்டா டேப்லெட் தானே மூடிருது. திருப்பி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். அதுக்குத்தான் தட்டிக்கிட்டே வாறேன். பஸ்ஸுல கண்டக்டர், டிக்கெட் எடுத்தாச்சான்னு பின்னாடி யாரையோ கேட்டாரு. இது ஆமான்னுது. அவரும் போயிட்டாரு."

சுலோசனா தலையில் அடித்துக்கொண்டார்.

"இவளால தட்டிக்கிட்டே இருக்க முடியுங்களா? மயக்கத்துல கெடப்பா. இது தூங்காம இருக்க என்ன பண்ணோணும்? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர். நாளைக்கு விடியக்காலம் போகோணும்."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அதைப் பதறுகிறவரிடம் சொல்லி என்ன பயன்? ரேணுகாதேவி சொல்லவில்லை. எதிர்க்கடையில் டீ சொன்னார்.

டேப்லெட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். நாச்சிமுத்துவின் விரல் நீண்டது. டீச்சர் அந்த விரலை மெதுவாக விலக்கிவிட்டார்.

"நின்னுபோயிருமுங்க!"

"நிக்கட்டும். டீ ஆறுது, குடிங்க."

டேப்லெட்டின் வெளிச்சம் மங்கியது. பிறகு இருண்டது. நாச்சிமுத்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, தன்னைத் தடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதுபோல் அவருக்கு இருந்தது. மூன்று பேரும் டீ டம்ளரைக் கீழே வைத்த பிறகு டீச்சர் எழுந்தார்.

"ஐயா, அந்த பெஞ்சுல படுங்க."

"நானுங்களா?"

"நீங்கதான் பேசன்ட். வாயைத் தொறக்கக்கூடாது. மூச்சை அடக்கிக்குங்க. அடைச்சிருச்சுன்னு வெச்சுக்குங்க. நான்தான் நர்ஸ், இங்கதான் நிக்கறேன். உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாது. டேப்லெட்டைச் சொல்லவைங்க. அது சொன்ன பொறவு மூச்சு விட்டுக்கலாம்."

நாச்சிமுத்து படுத்தார். டேப்லெட்டை மார்மேல் வைத்துக்கொண்டார். மனைவியை ஒருமுறை பார்த்தார். மூச்சை இழுத்து அடக்கினார்.

திரையைத் தொட்டார். விழித்தது. டெஸ்க்டாப் இல்லை. அதை மறுபடி திறந்தார். கருப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

பச்சை வயல் வந்தது. மேலே பாஸ்வேர்டு கேட்டது. கட்டத்தைத் தொட்டார். எழுத்துப் பலகை கீழிருந்து எழும்பி வந்து அந்தக் கட்டத்தையே மூடிக்கொண்டது. என்ன அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்தார். தவறு என்றது.

நெற்றி நரம்பு புடைத்தது. மறுபடி அடித்தார். டெஸ்க்டாப் திறந்தது. ஐகான்கள் கடுகு கடுகாகத் தெரிந்தன. விரலோ விரலளவு இருந்தது. பேசும் புரோகிராமைத் தொடப்போய்க் குப்பைத்தொட்டியைத் தொட்டுவிட்டார். அது விரிந்தது. அதை மூடுகிற சின்னப் பெருக்கல் குறியைத் தேடினார். அந்த நேரம் பார்த்து, மூலையிலிருந்து ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது.

உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது என்று அதில் எழுதியிருந்தது.

நாச்சிமுத்து பெரிய சத்தத்தோடு மூச்சை விட்டார். எழுந்து உட்கார்ந்து வாயால் காற்றை அள்ளினார். மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

டேப்லெட் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அப்போதுதான் அவர் மனைவியைப் பார்த்தார். சுலோசனாவின் கை கழுத்துத் துணியின் மேல் இருந்தது. அந்த அம்மா தன்னையறியாமல் குழாய்க்கு அரணாகக் கையைக் குவித்து வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. எத்தனையோ நாளாகக் கணவரிடம் காட்டாமல் வைத்திருந்த பயம் அந்த முகத்தில் அப்படியே இருந்தது.

"எனக்கு வயசாயிருச்சு, மூச்சு அவ்வளவுதான்" என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"பாஸ்வேர்டு எதுக்குங்க ஐயா?"

"நீங்கதானுங்க சொன்னீங்க. மொத நாள் வகுப்புல. பாஸ்வேர்டு இல்லாத கம்ப்யூட்டர் தாப்பா இல்லாத வீடுன்னு."

"வைரஸ் புரோகிராம்?"

"அது ரெண்டாம் நாளுங்க."

ரேணுகாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. "சொன்னேனுங்க" என்றார். "வீட்டுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரிப் படுக்கைக்குச் சொல்லலை."

பிறகு நாற்காலியைச் சுலோசனாவின் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டேப்லெட்டில் பதிவான சொற்களின் பட்டியலைத் திறந்தார். எழுத்தைப் பெரிதாக்கினார்.

"அம்மா, அங்க உங்களுக்கு எதெது வேணும்? தொட்டுக் காட்டுங்க."

நாச்சிமுத்து எழுந்து வந்தார். "எல்லாமே வேணுமுங்க டீச்சர். எப்ப எது வேண்டிவரும்னு யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் ஒண்ணுவிடாம..."

சுலோசனா கையை உயர்த்தினார். நாச்சிமுத்துவின் வாய் மூடியது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைக்கு அவ்வளவு மரியாதை உண்டு. ஆனால் இந்த டேப்லெட்டை வைத்துக்கொண்டு இத்தனை நாள் அல்லாடினாரே, உனக்கு எது வேண்டும் என்று அவளை ஒருமுறையாவது கேட்டாரா என்றால், இல்லை. இப்போதுதான் அது அவருக்கு உறைத்தது.

அந்த அம்மா நிதானமாகப் பட்டியலைப் பார்த்தார். சளி அடைக்குது என்பதைத் தொட்டார். வலிக்குது என்பதைத் தொட்டார். நாக்கு வறளுது. கொஞ்சம் யோசித்து, வேண்டாம். அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"போதுமாம்மா?"

தலையசைத்தார்.

டீச்சர் அந்தச் சொற்களின் ஒலியை மட்டும் பிரித்தெடுத்து டேப்லெட்டின் சொந்த சிஸ்டத்தில் போட்டார். திரை முழுக்க நான்கு கட்டங்கள், உள்ளங்கை அகலத்துக்கு. பூட்டு இல்லை, வயல் இல்லை, கடிகாரம்கூட இல்லை. தொட்டால் விழிக்கும், விழித்தால் இதுதான் தெரியும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மதிய வெயில் கடைக்குள் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

"மத்த சிஸ்டத்தை இதுல இருந்து எடுத்தரட்டுங்களா? சூடாகுது, பேட்டரியைத் தின்னுது."

"எடுத்தா அவ குரல்?"

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்குதுங்களே."

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்தார். டீச்சர் எடுத்துவிட்டார்.

திரையை அணைத்து, டேப்லெட்டைச் சுலோசனாவின் மடியில் வைத்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு முழு உள்ளங்கையால் தட்டினார். மறுபடி தட்டினார்.

"சளி அடைக்குது!" என்றது அவர் குரல், கடை முழுக்கக் கேட்க.

சுலோசனா கண்ணைத் திறந்தார். அதுவரை கழுத்திலேயே இருந்த இன்னொரு கை இறங்கியது. நாச்சிமுத்து கேட்ட எந்த டாக்டரின் சமாதானமும் அந்த முகத்தில் இப்படி வேலை செய்ததில்லை.

அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கவேண்டும். இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. டேப்லெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கன்னு ஒண்ணு பதிஞ்சியே, சுலோ. என்னைக் கூப்பிடறது. அதைச் சேக்கலியே?"

சுலோசனா அவரைப் பார்த்தார். அவரைச் சுட்டினார். பிறகு கையை வாசல் பக்கம், வெளியே நீட்டிக் காட்டினார். நீங்கதான் அங்க இருக்கமாட்டீங்களே.

நாச்சிமுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாள் திரட்டிவைத்த தெம்பெல்லாம் எங்கோ போய்விட்டது. தட்டுவதற்கு எதுவும் இல்லாமல் அவருடைய விரல் முழங்கால் மேல் தட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு டீச்சரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். சுலோசனாவுக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை.

"உள்ள அவ கையில அதைக் குடுத்துட்டா, நானும் கூட இருக்கறாப்புல இருக்கும்னு நெனச்சேனுங்க. வீடே கூட இருக்கறாப்புல. இப்ப அதுல என்னோடது ஒண்ணுமே இல்ல. கதவைச் சாத்திருவாங்க. அப்ப நான் என்னதான் பண்ணட்டும் டீச்சர்?"

ரேணுகாதேவி டேப்லெட்டின் சார்ஜர் வயரைச் சுருட்டிச் சுலோசனாவின் பையில் வைத்தார்.

"வெளிய பெஞ்சுல உக்காந்து பயந்துக்கிட்டு இருங்க ஐயா. அது உங்க வேலை. அந்தப் பயத்தைப்போயி அம்மா கையில குடுத்து உள்ள அனுப்பாதீங்க."