போட்டதே தெரியவில்லை

யோகவல்லி அம்மாவின் குடிலுக்கு வந்துபோகும் சீடர்கள் ஏழு பேர். ஏழு பேருமே அவரைவிட வயதில் மூத்தவர்கள். அம்மாவுக்கு நாற்பத்தொன்று. இதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. சீடர்களுக்கு முதல் வாரம் மட்டும் இருந்தது.

அந்த ஏழு பேரில் ஒருவர் தணிகாசலம். வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்புகளை, அவரவர் காலுக்கு அளவெடுத்துச் செய்து தருவது அவர் தொழில். ஐம்பத்து நான்கு வயதில் முப்பது வருடம் அடுத்தவர் கால்களைப் பார்த்தே கழிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். தியானத்தில் இருபது நிமிடம் நெளிந்தார். அம்மா கண்ணைத் திறந்ததுதான் தாமதம், கேட்டுவிட்டார்.

“அம்மா, இந்த சோஷியல் மீடியாவால கடைக்காரனுக்கும் வாங்கறவங்களுக்கும் உண்மையிலேயே நன்மை இருக்குதா?”

“இல்லைன்னு யார் சொன்னாங்க?”

“பக்கத்து மருந்துக்கடைக்காரர். எல்லாம் வெறும் பகட்டுங்கறார். லைக் போட்டவன்ல எவன் வந்து செருப்பு வாங்கினான்னு கேக்கறார்.”

“வாங்கலையா?”

“வாங்கறாங்கம்மா. அதானே விஷயம்.”

விஷயம் மெல்ல வெளியே வந்தது. மருமகள் சுகந்தி ஒரு வருடத்துக்கு முன்பு கடைக்கு சோஷியல் மீடியாவில் ஒரு பக்கம் தொடங்கினாள். மாமனார் செருப்பு தைப்பதை வீடியோ எடுத்துப் போட்டாள். இப்போது நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வீட்டிலேயே காகிதத்தில் காலை வரைந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்பினால் போதும். செருப்பு கூரியரில் போய்விடும். கடையில் அளவெடுத்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பேர். போனில் அளவே எடுக்க வேண்டாம், எத்தனை பேர் வந்தாலும் சரி. அதனால் மாதக் கடைசியில் கடையைக் காலி செய்துவிட்டு, எல்லாவற்றையும் போன் வழியாகவே நடத்திவிடலாம் என்று தணிகாசலம் முடிவு செய்திருந்தார்.

முடிவு செய்த பிறகுதான் கேட்க வந்திருந்தார். குருவிடம் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

“உங்க கேள்வி இருக்கட்டும். எனக்கு ஒரு ஜோடி வேணும். அளவெடுங்க,” என்றார் அம்மா.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா இதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. காகிதமும் பென்சிலும் தேடி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காகிதத்தின் மேல் காலை வைத்தார்.

“உக்காரக் கூடாதும்மா. எழுந்து நில்லுங்க.”

“ஏன்?”

“உக்காந்தா பாதம் ஒடுங்கி இருக்கும். நின்னாத்தான் உடம்போட பாரம் இறங்கி அகலும். நடக்கப்போறது அந்தக் கால்தானே.”

அம்மா எழுந்து நின்றார். தணிகாசலம் மண்டியிட்டு, பென்சிலைச் சாய்க்காமல் பாதத்தைச் சுற்றி வரைந்தார்.

“இப்ப உக்காருங்க. கண்ணை மூடிக்குங்க.”

“இது எதுக்கு?”

“எங்க கடை வழக்கம்மா.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பேனாவை எடுத்தார். அதன் முனையில் ரீஃபிலுக்குப் பதில் நைலான் தூண்டில் நரம்பு ஒரு துண்டு செருகியிருந்தது. அம்மாவின் உள்ளங்காலைத் தூக்கி, பெருவிரல் அடியில் நரம்பால் மெல்லத் தொட்டார்.

“தெரியுதா?”

“தெரியுது.”

“இங்க?”

“தெரியுது.”

பத்து இடங்களில் தொட்டார். பத்து முறை கேட்டார்.

“சர்க்கரை ரொம்ப நாள் இருந்தா கால் மரத்துப்போயிடும்மா. ஆணி ஏறினாக்கூடத் தெரியாது. எங்கெங்க தெரியலையோ அங்க காகிதத்துல பெருக்கல் குறி போட்டுக்குவேன். அந்த இடத்துல மெத்தையைத் தடிமனா வைக்கணும். வார் உரசாம பாத்துக்கணும். எங்கப்பா காலத்துல இதெல்லாம் கிடையாது, நானா ஒரு டாக்டர்கிட்ட கத்துக்கிட்டேன்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

“போன்ல வர்ற கால்களுக்கு?” என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

“படம் வந்துடும்மா.”

“நின்னு வரைஞ்ச படமா?”

தணிகாசலம் யோசித்தார். காகிதம், பென்சில், ஸ்கேல் என்று சுகந்தி வீடியோவில் அழகாகத்தான் சொல்லியிருந்தாள். நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கடையில் அதைச் சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை, வருகிறவரின் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்திவிடுவார்.

“நிக்கச் சொல்லலைம்மா.”

“கண்ணை மூடச் சொல்லி தெரியுதான்னு கேக்கறது?”

அதையும் வீடியோவில் சொல்லியிருக்கவில்லை. ஆனால் தணிகாசலம் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

“ஒரு புகார்கூட வரலையேம்மா! ஆயிரம் கமெண்ட் இருக்கு, எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கு. இதைக் கேளுங்க.”

போனை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை, அந்தக் கமெண்ட் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அச்சடித்துக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தார்.

“திருவாடானை சங்கையா. ரிட்டையர்டு கண்டக்டர். ‘நாலு மாதமாகப் போடுகிறேன். வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. போட்டதே தெரியவில்லை. ஐந்து ஸ்டார்.’ இதை எழுதி ரெண்டு மாசம் ஆகுது, இன்னும் ஜனங்க லைக் போடறாங்க.”

“இன்னொரு தடவை படிங்க.”

படித்தார். இந்த முறை இன்னும் ஏற்ற இறக்கத்தோடு படித்தார்.

“அவருக்கு எத்தனை வருஷமா சர்க்கரை?”

“ஆர்டர்ல எழுதியிருந்தார். பதினெட்டு வருஷம்.”

“போட்டதே தெரியலையாமா?”

தணிகாசலம் மூன்றாம் முறை தனக்குள் படித்தார். முகம் வெளுத்துப்போயிற்று. நரம்பு செருகிய பேனா இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து திருவாடானைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் சங்கையாவின் குரல் கணீரென்று வந்தது.

“செருப்புக்கடைத் தம்பியா! என்ன தம்பி, என் கமெண்டு பாத்தீகளா?”

“பார்த்தேங்கய்யா. செருப்பு எப்படி இருக்குது?”

“பூ மாதிரி இருக்கு. இப்பவும் போட்டுத்தான் இருக்கேன்.”

“கொஞ்சம் கழட்டுங்கய்யா. உள்ளங்காலைப் பாருங்க.”

“எங்கிட்டு தம்பி குனியறது? எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு.”

“வீட்டுல அம்மா இருந்தாப் பாக்கச் சொல்லுங்கய்யா. தயவுசெஞ்சு.”

அவர் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. பிறகு அந்த அம்மாளின் குரல் வந்தது.

“ஆத்தாடி! சுண்டுவிரலுக்குக் கீழ இதென்னங்க, புண்ணா இருக்கு? அழுக்குன்னுல்ல நெனச்சேன். உள்ள குழியா இருக்கே!”

“எனக்கு ஒண்ணும் வலிக்கலையே தம்பி,” என்றார் சங்கையா.

தணிகாசலம் வீடியோவில் காலைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்து வரைந்த கால். செருப்பு அரை விரல் அகலம் குறைந்திருந்தது. வெளியே பிதுங்கிய சதையை வாரின் தையல் மாதக்கணக்கில் அறுத்திருந்தது. செருப்பைத் தொடவே கூடாது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு அழுதார். பெரிய மனிதர் அழுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

“ரெண்டு மாசமா அதைப் படிச்சுப் படிச்சு சந்தோஷப்பட்டேன்மா.”

அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

மூன்று வாரம் அவர் வரவில்லை. வந்தபோது கையில் அம்மாவின் செருப்பு இருந்தது.

போனில் பேசிய மறுநாளே திருவாடானைக்குப் பஸ் ஏறியிருக்கிறார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சுண்டுவிரலை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது புண் ஆறிவருகிறது. வீட்டிலிருந்து அளவு அனுப்பிய அத்தனை பேருக்கும் சுகந்தியும் அவரும் போன் செய்து முடித்திருந்தார்கள். பதினோரு ஜோடிகளைத் திரும்ப வாங்கி, மாற்றிச் செய்து அனுப்பியாயிற்று. கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டாயிற்று. கடையைக் காலி செய்யும் பேச்சே இல்லை.

“அந்தப் பக்கத்தை மூடிடறேன்மா. இன்னைக்கே.”

“சங்கையா என்ன சொல்றார்?”

“அவரா?” தணிகாசலம் அலுத்துக்கொண்டார். “எங்க ஊர்ப் பக்கம் இந்தச் செருப்பே கிடைக்காது, போன் இல்லைன்னா உன்னை எங்க போய்க் கண்டுபிடிப்பேன்ங்கறார். அடுத்த ஜோடிக்கும் ஆர்டர் கொடுத்துட்டார். எனக்கு ஒண்ணும் புரியலைம்மா. மூடறதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.”

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டார். முற்றத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். தணிகாசலம் கடைக்காரர் அல்லவா, வாய் சும்மா இருக்குமா?

“எப்படி இருக்கும்மா?”

“போட்டதே தெரியலை.”

தணிகாசலம் சிரிக்கவில்லை. சட்டென்று தரையில் மண்டியிட்டார்.

“கழட்டுங்கம்மா. காலைக் காட்டுங்க.”

இரண்டு உள்ளங்கால்களையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் அடியைக் கட்டைவிரலால் தடவினார். பேனாவை எடுத்து நரம்பால் தொட்டார்.

“தெரியுதா?”

“தெரியுது.”

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“இன்னைக்கு எத்தனை கமெண்ட் வந்தது?” என்றார் அம்மா.

“காலையில இருந்து ஒன்பது. எல்லாம் பாராட்டுதான். ஒண்ணுக்கும் பதில் போடலைம்மா, மனசு வரலை.”

“வழக்கமா என்ன பதில் போடுவீங்க?”

“ரெண்டு கை கூப்பின படம்.”

அம்மாவின் கால் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“போட்டதே தெரியலைன்னதும் என்கிட்ட ‘கழட்டுங்க, காலைக் காட்டுங்க’ன்னீங்களே, அதைப் போடுங்க.”