சுறாத்தோல் கை

ரொம்ப ரொம்ப நாளைக்கு முந்தி, விளக்கெல்லாம் திமிங்கில எண்ணெயில் எரிஞ்ச காலத்தில், அலைமேடுன்னு ஒரு ராஜ்ஜியம். அங்கே வேட்டைக் கப்பலில் ஈட்டி எறியறவன் கடலாண்டி.

திமிங்கிலத்தைக் கொன்னதும் கப்பலோடு சேர்த்துக் கட்டி, கொழுப்பை உரிப்பாங்க. ரத்த வாடைக்குச் சுறாக்கள் வரும். அப்போ ஒரு போட்டி நடக்கும். நீளக் காம்பு வச்ச கத்தியால் யார் அதிகமா சுறா குத்துறாங்கன்னு! தின்னவும் மாட்டாங்க, விக்கவும் மாட்டாங்க. சும்மா சிரிக்கிறதுக்கு. அடப்பாவிகளா!

ஒரு நாள் கடலாண்டி குத்தின சுறா, வயித்தில் குட்டியோடு இருந்துச்சு. அது வாயைத் திறந்து பேசுச்சு.

"என்னை எதுக்குடா குத்தினே? நிஜத்தைச் சொல்ற வரைக்கும் என் தோல் உன் கையில் இருக்கட்டும். பொய் சொன்னா மேலே ஏறும்."

சொல்லிட்டு முங்கிப்போச்சு. கடலாண்டி குனிஞ்சு பார்த்தான். விரலெல்லாம் சாம்பல் நிறம், அரம் மாதிரி சொரசொரப்பு!

வீட்டில் பொண்டாட்டி பவளாயி பச்சைக் குழந்தையோடு நின்னா. "கைக்கு என்னய்யா ஆச்சு?"

"சுறா கடிக்க வந்துச்சு, குத்தினேன்." மணிக்கட்டு வரைக்கும் ஏறுச்சு.

வைத்தியர் கேட்டார். "திமிங்கிலத்தைத் திருட வந்துச்சு, குத்தினேன்." முழங்கை வரைக்கும் ஏறுச்சு.

ராஜா கூப்பிட்டுக் கேட்டார். "கப்பல் தலைவர் சொன்னார், குத்தினேன்." தோள் வரைக்கும் ஏறிருச்சு.

வீட்டுக்கு வந்தா பொண்ணு தொட்டிலில் சிணுங்குறா. பாசத்தில் கை மறந்துபோச்சு. கன்னத்தைத் தொட்டான். கீறி ரத்தம் வந்துருச்சு!

"யோவ், தள்ளிப் போ! என் பிள்ளையைத் தொடாதே!" பவளாயி பிள்ளையை வாரி எடுத்துக்கிட்டா.

கடலாண்டி எண்ணெய்க்கடை வாசலுக்கு ஓடினான். விளக்கெண்ணெய் வாங்க ஊரே அங்கே நின்னுக்கிட்டு இருந்துச்சு. கப்பல் கூட்டாளிகளும் இருந்தாங்க.

"அந்தச் சுறா என்னை ஒண்ணும் பண்ணலைங்க. இவங்க சிரிக்கணும்னு குத்தினேன். அது துடிச்சப்போ நானும் சிரிச்சேன். இப்போ வெக்கமா இருக்கு."

கூட்டாளி ஒருத்தன் சிரிக்கப் பார்த்தான். கூட யாரும் சிரிக்கலை. அவனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

கடலாண்டி கையிலிருந்து சுறாத்தோல் உரிஞ்சு விழுந்துச்சு. அப்பவும் பிள்ளையைத் தொட அவனுக்குக் கூசுச்சு. பின்னாடியே வந்த பவளாயிதான் அவன் கையில் பிள்ளையைக் கொடுத்தா. அதுக்கப்புறம் அவன் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை.

கை சரியாயிருச்சு. கன்னத்துத் தழும்பு மட்டும் போகலை. பொண்ணு வளர்ந்து, "அப்பா, இது எப்படி வந்துச்சு?"ன்னு கேப்பா.

கேட்ட ஒவ்வொரு தடவையும், கடலாண்டி நிஜத்தைத்தான் சொன்னான்.